மழையைச் சொன்ன பெண்கள்

ஒரு நவம்பர் காலை. வெளியே நல்ல மழை. தாம்பரம் ரயிலில் நனைந்து வந்து வகுப்பில் உட்கார்ந்திருந்த முதலாண்டு மாணவிகளிடம் கேட்டேன்: "மழை வரும்னு டிவியில சொன்னவங்க யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லுங்க."

"ரமணன்!" என்று வகுப்பே கத்தியது. எஸ்.ஆர். ரமணன் 2016 மார்ச் மாதக் கடைசியில் ஓய்வுபெற்றபோது இந்தப் பெண்கள் தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பார்கள். ஆனாலும் பெயர் நிற்கிறது.

"சரி, ஒரு பெண்ணோட பேரைச் சொல்லுங்க."

அமைதி. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நியூஸ் வாசிக்கிறவங்களையா மேம் கேக்குறீங்க?"

அவளுடைய அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. என் சிறுவயதில் வானிலை அறிக்கை என்பது செய்தியின் வால். தலைப்புச் செய்திகள், விளையாட்டு எல்லாம் முடிந்தபின் இரண்டு மூன்று வாக்கியங்கள். அப்பா எழுந்து போகிற நேரம் அது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படி நிலைப்படிக்கு வருகிற நேரமும் அதுதான். நாளைக்கு வடாம் பிழியலாமா, அரிசி காயவைக்கலாமா, பிள்ளைகளின் யூனிஃபார்ம் உலருமா என்பதெல்லாம் அவளுக்கு அந்த வாக்கியங்களில் இருந்தது. பல நாட்களில் வாசித்தது ஒரு பெண்குரல். வாசித்தவரின் முகம் தெரியும். கணித்தவர் யாரென்று தெரியாது.

இந்த ஏற்பாட்டை மாற்றியது ரமணனின் காலம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தில் புயல் எச்சரிக்கைப் பிரிவின் இயக்குநராக அவர் இருந்தபோது, 24 மணி நேரச் செய்தி அலைவரிசைகள் பெருகின. அலுவலகம் எழுதி அனுப்பியதை இன்னொருவர் வாசித்த நிலை போய், கணிப்பில் பொறுப்புள்ள அதிகாரியே மைக்குகளின் முன் உட்கார்ந்து பேசினார். 2011 டிசம்பர் இறுதியில் 'தானே', 2012 அக்டோபர் இறுதியில் 'நீலம்' என்று ஒவ்வொரு புயலுக்கும் அவர் முகம் வீட்டுக்குள் வந்தது. குரலை உயர்த்த மாட்டார். பயமுறுத்த மாட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் விடுமுறை தருகிற மாமா. பெரியவர்களுக்குக் கேலிப் பொருள். அவர் மழை என்றால் வெயில் அடிக்கும் என்ற நகைச்சுவை கேட்காத வீடு உண்டா?

கேலி செய்தவர்கள் கவனிக்காத ஒன்று அந்தத் தமிழ். 'ஓரிரு இடங்களில்' என்பது மழுப்பல் அல்ல. ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகும் என்று பொருள். 'சில இடங்களில்' என்றால் பாதி வரை; 'பல இடங்களில்' என்றால் முக்கால் பங்கு வரை; அதற்கும் மேலே போனால் 'பெரும்பாலான இடங்களில்'. 'மிக கனமழை' என்பதற்கும் 'அதி கனமழை' என்பதற்கும் சென்டிமீட்டர் கணக்கு உண்டு. தமிழ் படித்த எனக்கு, சொல்லை இவ்வளவு அளந்து பேசிய ஒருவரை ஊரே நம்பவும் கேலி செய்யவும் பழகியது பிடித்திருக்கிறது. தொலைக்காட்சி ஒரு அரசு ஊழியருக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. அதை அவர் தன் நிதானத்தால் காப்பாற்றிக்கொண்டார்.

ஆனால் இந்தப் பதவியின் வரலாறு ரமணனிலோ தொலைக்காட்சியிலோ தொடங்கவில்லை.

அதே நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் ஒரு வானாய்வகம் கட்டியது. 1861 முதல் அங்கே அரசு வானியலாளராக இருந்தவர் நார்மன் போக்சன். அவருடைய மகள் எலிசபெத் ஐசிஸ் போக்சன் 1873இல் அங்கே கணிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் 150 ரூபாய். 1881 முதல் சென்னை மாகாண அரசின் வானிலைக் கண்காணிப்பாளர், வானிலை அறிக்கையாளர் பொறுப்புகளும் அவருடையவை. வானாய்வகம் 1898இல் மூடப்படும்வரை அந்த வேலையில் இருந்தார்.

1886இல் லண்டனிலுள்ள அரச வானியல் கழகத்தின் உறுப்பினர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஒரு பெண்ணின் பெயர் அப்படி முன்மொழியப்பட்டது அதுவே முதல் முறை. வழக்கறிஞர்கள் கழகத்தின் சாசனத்தைப் புரட்டினார்கள். 1831இல் எழுதிய அந்தச் சாசனம் உறுப்பினரைக் குறிக்கும் இடமெல்லாம் 'அவன்' என்றது. ஆகவே 'அவளு'க்கு இடமில்லை. முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. பெண்களுக்குக் கதவு திறந்து, ஐசிஸ் உறுப்பினரானது 1920இல்; முழுதாக 34 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஐசிஸை நம் பாட்டியாக்கிக்கொள்ள நான் அவசரப்படவில்லை. ஆளும் இனத்தில் பிறந்தவர். அப்பாவின் கதவு வழியாக உள்ளே போனவர். அந்த வளாகத்தைச் சுற்றி வாழ்ந்த தமிழ்ப் பெண் எவருக்கும் அன்று அந்தக் கதவு இல்லை. அப்படியிருந்தும், கதவு இருந்த அவரையே ஒரு பிரதிப்பெயர் தடுத்தது. இலக்கணம் நடத்தும்போது எழுவாயை வேகமாகக் கடந்துவிடக் கூடாதென்று அப்போதிலிருந்து கவனமாக இருக்கிறேன்.

அடுத்த பெயர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பெங்களூருவில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்து, 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லையென்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. லண்டன் போய் வானிலைக் கருவிகளைக் கற்றுத் திரும்பி, 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைச் சீர்படுத்தி, இறக்குமதியை நம்பாமல் இங்கேயே செய்ய வழி செய்தார். துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வுபெற்றார். டிவியில் ஒருவர் சொல்லும் மழையளவுக்கு அடியில் இத்தகைய உழைப்பு இருக்கிறது. என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று எழுதும்போது, அது கிடைக்காமலேயே போன அவரை நினைத்துக்கொள்வேன்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

2015 டிசம்பர் 1. முடிச்சூரில் இருந்தோம். காலையிலிருந்தே டிவியில் மழை எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், என் ஆய்வேடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். நாலு மணிக்கு அப்பாவிடம் சொன்னாள்: "என்னங்க, இருட்டறதுக்குள்ள சேலையூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்." அப்பா திரும்பாமலே சொன்னார்: "நானும் டிவி பாத்துக்கிட்டுதானே இருக்கேன். எனக்குத் தெரியாதா?" மாலையில் மின்சாரம் போனது. நடு இரவுக்குப்பின் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. இரண்டு இரவுகள் மொட்டைமாடியில் இருந்தோம். நானும் அன்று சம்பாதிக்கிறவள்தான். முனைவர் பட்டம் வாங்கியவள்தான். அம்மா பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை. தாம்பரத்தில் 49 செ.மீ. இன்றைய கணக்கில் 'அதி கனமழை' தொடங்குவதே ஏறத்தாழ 20 செ.மீ.யில்தான். நகரத்துக்குப் பெய்தது வேறு, எங்கள் புறநகருக்குப் பெய்தது வேறு.

அன்று எங்கள் வீட்டில் தகவலுக்குக் குறைவில்லை. அறிவிப்பு வந்தது, அதைச் சரியாகப் படித்த ஒருத்தி இருந்தாள். 'போகலாம்' என்று முடிவெடுக்கும் வாக்கியத்தின் எழுவாயாக அவள் இல்லை, அவ்வளவுதான். எச்சரிக்கை அமைப்புகளைப் பற்றிப் பேசும்போது ரேடாரையும் செயற்கைக்கோளையும் கணக்கில் எடுக்கிறோம். 2002இல் சென்னைத் துறைமுகப் பகுதியில் டாப்ளர் ரேடார் வந்தது பெரிய மாற்றம்தான். ஆனால் எச்சரிக்கை கடைசியாகக் கடக்க வேண்டிய தூரம் கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையில் இருக்கிறது.

ரமணனுக்குப் பிறகு எஸ். ஸ்டெல்லா இயக்குநராகச் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து புயலைப் பற்றிப் பேசினார். 2025இல் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தலைவராக பி. அமுதா பொறுப்பேற்றார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர் என்று செய்திகள் எழுதின. ஐசிஸ் போக்சன் மாகாணத்தின் வானிலையைச் சொல்லத் தொடங்கி அதற்குள் 144 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த வகுப்பில் நான்கு பெயர்களையும் கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்ச் பெண் கேட்டாள்: "இது எக்ஸாமுக்கு வருமா மேம்?" வராது என்றேன். ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஐப்பசி பிறந்ததும் யாரையும் கேட்காமல் பத்திரங்களைப் பரணில் ஏற்றிவிடுகிறாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வருவதற்கு முந்தைய நாள், டிவியை அணைத்துவிட்டு, "கிளம்புங்க" என்று மட்டும் சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.