பவளத் துண்டு நடவு

பவளத் துண்டு நடவு என்பது உயிருள்ள பவளத்தின் ஒரு பகுதியை வெட்டி, வேறோர் உறுதியான பரப்பில் பொருத்தித் தனிக் கூட்டுயிரியாக வளரச் செய்யும் முறை ஆகும். கடல்நீர் மீன்தொட்டி வளர்ப்பிலும், சிதைந்த பவளத்திட்டுகளை மீட்டெடுப்பதிலும் இம்முறை பயன்படுகின்றது.

அடிப்படை

பவளம் என்பது பாலிப் எனப்படும் சிற்றுயிரிகளின் கூட்டமாகும். கற்பவளங்களில் இவை கால்சியம் கார்பனேட்டால் ஆன எலும்புக்கூட்டைச் சுரக்கின்றன. புயலில் முறிந்த கிளை தரையில் ஊன்றி வளர்வது இயற்கையில் நிகழும் பாலிலா இனப்பெருக்கம் ஆகும். துண்டு அசையாதிருப்பதே இதற்கு முதன்மைத் தேவை. உருளும் துண்டின் திசு உராய்ந்து அழிந்துவிடும்.

தொட்டியில் செய்முறை

கிளைப் பவளங்கள் எலும்பு வெட்டியாலும், கடினமான திரள் பவளங்கள் வைர விளிம்புள்ள வாளாலும், மென்பவளங்கள் கூரிய கத்தியாலும் வெட்டப்படுகின்றன. துண்டு அயோடின் கலந்த கடல்நீரில் சிறிது நேரம் நனைக்கப்பட்டு, பின்னர் பீங்கான் வில்லையிலோ பாறையிலோ ஒட்டப்படுகின்றது. சூப்பர் குளூ வகையைச் சேர்ந்த சயனோஅக்ரைலேட்டுக் கூழ் ஈரத்திலும் இறுகுவதால் இதற்கு ஏற்றது. கனமான துண்டுகளுக்குக் கடல்நீர்த் தொட்டிக்கெனத் தயாரிக்கப்பட்ட இப்பாக்சிப் பசை பயன்படுகின்றது. வழுக்கும் மென்பவளங்கள் ஒட்டாமையால் வலைத்துணி அல்லது நூலால் கட்டப்படுகின்றன.

புதிய துண்டுகள் முதலில் மிதமான ஒளியில் வைக்கப்படுகின்றன. நீரின் வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசும், உப்புத்தன்மை ஆயிரத்திற்கு ஏறத்தாழ 35 பங்கும் இருத்தல் நன்று. சென்னையின் கத்திரி வெயில் காலத்தில் தொட்டி நீர் எளிதில் 30 பாகையைக் கடப்பதால், சில்லர் எனப்படும் குளிர்விப்பான் தேவைப்படும்.

எச்சரிக்கை: பொத்தான் போன்ற சோயாந்திடுகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு உள்ளது. கையுறையும் கண் காப்பும் இன்றி அவற்றை வெட்டுதல் ஆகாது. அவை படிந்த பாறையைக் கொதிக்க வைத்தால் நச்சு ஆவியில் கலந்து உயிருக்கு ஆபத்து விளையலாம்.

மன்னார் வளைகுடா

தமிழ்நாட்டில் இம்முறை பெருமளவில் கையாளப்பட்ட இடம் மன்னார் வளைகுடா ஆகும். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளை உள்ளடக்கிய கடற்பகுதி 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதால் திட்டுகள் சிதைந்தன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கின.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இங்கு மீள்நடவை மேற்கொண்டு வருகின்றது. தொட்டியில் பசை செய்யும் வேலையைக் கடலில் கட்டு செய்கின்றது. துண்டுகள் காங்கிரீட் சட்டங்களில் கட்டப்பட்டுக் கடலடியில் வைக்கப்படுகின்றன. அக்ரோபோரா, மாண்டிப்போரா போன்ற விரைந்து வளரும் பேரினங்கள் நடவுக்கு ஏற்றவை. எனினும் நட்டவை வெப்பத்துக்குத் தப்புவதில்லை. 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் இப்பகுதியில் பெருமளவில் பவள வெளிறல் நிகழ்ந்தது.

சட்ட நிலை

பாறை கட்டும் கற்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், கடல் விசிறி முதலியனவும் 2001 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அனுமதியின்றி இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள் ஆகும். கரையொதுங்கிய இறந்த பவளத்திற்கும் இது பொருந்தும். கற்பவளங்களின் பன்னாட்டு வணிகமும் சைட்டிசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பால் கட்டுப்படுத்தப்படுகின்றது. எனவே மயிலாப்பூரிலோ அடையாறிலோ உள்ள ஒரு வீட்டுத் தொட்டியாயினும், துண்டின் இனமும் அது வந்த வழியும் வெட்டுவதற்கு முன்பே, வாங்கும்போதே அறியப்பட வேண்டியவை ஆகும்.