டேப்பில் இருந்து டேப்லெட் வரை: ஒலியைப் பிடித்து வைத்தவர்களின் கதை

மேடையில் ஒரு ஸ்டாண்டில் டேப்லெட் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு கீபோர்டு. வாசிப்பவர் விரலை வைத்ததும் யமஹா சிஎஸ்-80 சிந்தசைசரின் ஒலி அரங்கம் முழுக்கப் பரவுகிறது. 'பிளேட் ரன்னர்' (1982) படத்தில் வாஞ்ஜெலிஸ் வாசித்தாரே, அதே கருவிதான். அசல் சிஎஸ்-80 சுமார் 100 கிலோ எடை. அறையின் சூடு கொஞ்சம் மாறினாலே சுருதி விலகிவிடும். அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகிற தைரியம் இன்று யாருக்கு இருக்கிறது?

அதனால் அதன் ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, வரும் ஒலியைப் பதிவு செய்து, டேப்லெட்டில் ஏற்றி வாசிக்கிறார்கள். இந்தப் பதிவுக்குத்தான் சாம்பிள் என்று பெயர். கேட்க எளிமையாக இருக்கிறது இல்லையா? இந்த எளிமை வருவதற்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன. இடையில் ஒரு வியாபார மோசடி, தொழிற்சங்கச் சண்டை, திவாலான கம்பெனி என்று ஏகப்பட்ட சங்கதிகள்!

கதை கலிஃபோர்னியாவில் ஆரம்பிக்கிறது. 1940-களின் கடைசியில் ஹாரி சேம்பர்லின் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு ஆர்கன் பெட்டி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு காந்த டேப். அதில் அசல் வயலினோ புல்லாங்குழலோ ஒரே ஒரு சுரம். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான். லாரன்ஸ் வெல்க் ஆர்கெஸ்ட்ராவின் வாத்தியக்காரர்கள் அவருக்காக ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிவு செய்து கொடுத்தார்கள். தங்கள் வேலைக்கே உலை வைக்கப்போகிற பெட்டிக்கு வாசிக்கிறோம் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

சேம்பர்லினிடம் பில் ஃப்ரான்சன் என்றொரு விற்பனையாளர் இருந்தார். 1962-ல் அவர் இரண்டு சேம்பர்லின் பெட்டிகளோடு இங்கிலாந்துக்குப் போய், அதன் பாகங்களைத் தயாரித்துத் தர ஆள் தேடினார். பர்மிங்காமில் பிராட்லி சகோதரர்கள் நடத்திய பிராட்மேட்டிக் கம்பெனி மாட்டியது. இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் வேறொருவர் என்பது பாவம், அவர்களுக்கு முதலில் தெரியாது. பணம் போட முன்வந்தவர்களில் ஒருவர் எரிக் ராபின்சன் என்ற இசைக்குழுத் தலைவர். இன்னொருவர் டேவிட் நிக்சன் என்ற டிவி மாயாஜாலக்காரர்! 1963-ல் மெல்லோட்ரான் பிறந்தது. விஷயம் தெரிந்து சேம்பர்லின் கொதித்துப்போனார். கடைசியில் பணம் கொடுத்துச் சமரசம் ஆனது. ஒலியைப் பிரதி எடுக்கும் கருவியே ஒரு பிரதிதான் என்பது இந்தத் தொழிலின் ராசி போலும்.

இங்கிலாந்தின் இசைக்கலைஞர் சங்கம் மெல்லோட்ரானைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. ஒரு ஆள் ஒரு பெட்டியோடு வந்து பத்து வயலின்காரர்களின் கூலியை மிச்சப்படுத்தினால் அந்தப் பத்துப் பேர் எங்கே போவார்கள்? நியாயமான பயம்தான். ஆனால் பெட்டியும் முழுசாக ஏமாற்றவில்லை. டேப்பின் நீளம் சுமார் எட்டு நொடி. அதற்கு மேல் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தாலும் சத்தம் நின்றுவிடும். டேப் ஓடும் வேகமும் சீராக இருக்காது. பீட்டில்ஸ் குழுவின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' (1967) பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் புல்லாங்குழல் மெல்லோட்ரான்தான். அசல் புல்லாங்குழல் மாதிரி இல்லாமல் கொஞ்சம் கனவு கலந்த மாதிரி இருப்பதால்தான் அது மனசில் நிற்கிறது.

அடுத்த கட்டம் ஆஸ்திரேலியாவில். சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இரு இளைஞர்கள் 1975-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். சிட்னி துறைமுகத்தில் ஓடிய ஒரு படகின் பெயர் ஃபேர்லைட். அதையே கம்பெனிக்கும் வைத்தார்கள். கணக்குப் போட்டே கணினியில் வாத்திய ஒலிகளை உருவாக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. எவ்வளவு முயன்றும் அசல் மாதிரி வரவில்லை. ஒரு கட்டத்தில் வோகல் ரேடியோவில் போய்க்கொண்டிருந்த பியானோவை ஒரு நொடி அளவுக்குப் பதிவு செய்து, அதையே வெவ்வேறு சுருதியில் வாசித்துப் பார்த்தார். பிரமாதமாக இருந்தது! ஆனாலும் இதை ஒரு குறுக்கு வழியாகத்தான் அவர்கள் நினைத்தார்களாம், பெருமையாக இல்லை. 1979-ல் வந்த ஃபேர்லைட் சிஎம்ஐ விற்றது அந்தக் குறுக்கு வழிக்காகத்தான்.

விலை? சுமார் 25,000 டாலர். அந்தக் காலத்தில் வீடு வாங்கலாம். அதில் ஒரு குரலுக்கு 16 கிலோபைட் மெமரி. தரத்தைக் கூட்டினால் அரை நொடி, குறைத்தால் ஒரு நொடி ஒலி பிடிக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்: சிடி தரத்தில் ஒரு நொடி ஸ்டீரியோ ஒலிக்கு 1,76,400 பைட் வேண்டும்.

அந்தக் கருவியோடு வந்த ஒலிகளில் ஒன்றின் பெயர் 'ஆர்க்5'. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' இசைத்தட்டில் இருந்து எடுத்த ஒரே ஒரு ஆர்கெஸ்ட்ரா வெடிப்பு. 1982-ல் நியூயார்க்கில் 'பிளானட் ராக்' பாட்டில் அது ஒலித்தது. அப்புறம் எண்பதுகளின் பாட்டுகளில் எங்கு திரும்பினாலும் அதே வெடிப்புதான். 1985-ல் ஃபில் காலின்ஸ் தன் ஆல்பத்தின் அட்டையில் இதில் ஃபேர்லைட் கிடையாது என்று எழுதிவைக்கிற அளவுக்குப் போனது.

இதற்கு நடுவில் சிந்தசைசர்மீதே ஒரு போர். 1982 மே மாதம் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களுக்குத் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. பாரி மானிலோ தன் பயணத்தில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக சிந்தசைசர்களைக் கொண்டுவந்தது ஆத்திரத்தைக் கிளப்பியிருந்தது. சங்கம் தேசிய அளவில் அதை ஏற்கவில்லை. கீபோர்டு வாசித்தவர்களும் உழைப்பாளிகள்தானே! வயலின்காரரின் இடத்தைப் பிடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அதே சிந்தசைசரின் ஒலியைத்தான் இன்று டேப்லெட்டில் அடைத்து வைக்கிறார்கள்.

இனி விலை சரிந்த கதை. அமெரிக்காவின் ஈ-மு கம்பெனி, சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் தயாரித்த ப்ராஃபெட்-5 சிந்தசைசருக்கு வடிவமைப்பில் உதவியதற்காக ராயல்டி வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த ராயல்டி நின்றது. ஃபேர்லைட்டைப் பார்த்திருந்தார்கள்; வருமானம் போன நெருக்கடியில் இதையே மலிவாகச் செய்யலாமே என்று இறங்கினார்கள். 1981-ல் வந்த எமுலேட்டர் பத்தாயிரம் டாலர் அளவில் இருந்தது. முதல் பெட்டி ஸ்டீவி வொண்டருக்குப் போனது. 1984-ல் என்சோனிக் கம்பெனியின் மிராஜ் 1,700 டாலருக்குள் வந்துவிட்டது. அதன் சிப்பை வடிவமைத்தவர் கமோடோர் 64 கணினியின் ஒலி சிப்பைச் செய்த அதே பாப் யான்ஸ். ஐந்தே ஆண்டில் 25,000 எங்கே, 1,700 எங்கே! ஃபேர்லைட் கம்பெனி எண்பதுகளின் முடிவுக்குள் நொடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

1983-ல் மிடி வந்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் கருவியை இயக்க உதவும் பொதுமொழி அது. இது இல்லாவிட்டால் டேப்லெட் கதையே கிடையாது.

1987-ல் ரோலண்ட் டி-50 செய்த வேலை கெட்டிக்காரத்தனமானது. ஒரு வாத்தியத்தை நம் காது அடையாளம் காண்பது பெரும்பாலும் தொடக்கத்தில் வரும் தட்டலையும் உரசலையும் வைத்துத்தான். அதை மட்டும் சாம்பிளாக வைத்து, மீதியை சிந்தசைசர் உருவாக்கிக்கொண்டது. மெமரி மிச்சம்! அடுத்த ஆண்டு கோர்க் எம்1 நான்கு மெகாபைட்டுக்குள் ஒரு முழு வாத்தியக் குழுவையே அடக்கியது. நம்மூர் மெல்லிசை மேடைகளில் வயலின் வரிசையின் இடத்தில் ஒரே கீபோர்டு வந்து உட்கார்ந்ததற்குப் பின்னால் இருப்பதும் இந்த வகைக் கருவிகள்தான்.

டேப்லெட்டுக்கு வருவோம். ஐபேட் 2010 ஏப்ரலில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐஓஎஸ் 4.2 மிடி வசதியைக் கொண்டுவந்தது. கேமராவில் இருந்து படம் ஏற்றுவதற்காக ஆப்பிள் விற்ற சின்ன இணைப்பானில் யூஎஸ்பி கீபோர்டைச் செருகினால் வேலை செய்தது. கொரில்லாஸ் குழு அந்த ஆண்டு அமெரிக்கப் பயணத்தின்போது பெரும்பாலும் ஐபேடிலேயே 'தி ஃபால்' ஆல்பத்தைப் பதிவு செய்து டிசம்பரில் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு அப்போது பின்தங்கியது. விரல் பட்டதற்கும் ஒலி வருவதற்கும் பல சாதனங்களில் 100 மில்லிநொடிக்கு மேல் இடைவெளி. மேடையில் அதை வைத்துத் தாளம் பிடிக்க முடியாது.

அப்படியானால் எல்லாம் டேப்லெட்டுக்குள் வந்துவிட்டதா? ஒரு கணக்குப் போடலாம். 61 கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி, சிடி தரம்: சுமார் 54 மெகாபைட். பரவாயில்லை. ஆனால் சிந்தசைசரில் ஃபில்டர் குமிழ் என்று ஒன்று உண்டு. அதைத் திருகத் திருக ஒலி மங்கும், பளிச்சிடும். குமிழின் பத்து நிலைகளைப் பதிவு செய்தால் 540 மெகாபைட். இன்னொரு குமிழுக்கும் பத்து நிலை என்றால் ஐந்து ஜிகாபைட்டைத் தாண்டும். சிஎஸ்-80-ன் பலகையிலோ டஜன் கணக்கில் நெம்புகோல்கள்! போதாததற்கு, பழைய அனலாக் கருவியில் ஒரே கட்டையை இரண்டு தடவை அழுத்தினால் இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்காது. சாம்பிளில் நூறு தடவை அழுத்தினாலும் அதேதான். ஆகவே மேடைக்காரர்கள் அந்தப் பாட்டுக்கு வேண்டிய நிலையை மட்டும் பதிவு செய்து, நீளும் சுரத்துக்கு நடுப்பகுதியைச் சுழலவிட்டு, ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்க வைத்துச் சமாளிக்கிறார்கள்.

வோகலே 2011-ல் தன் சிஎம்ஐ-யை ஆப்பிள் சாதனங்களுக்கான செயலியாகக் கொண்டுவந்தார். முழுப் பதிப்பின் விலை அப்போது ஐம்பது டாலராக இருந்தது. 'ஆர்க்5' அதிலும் உண்டு. கோர்க் 2015-ல் எம்1-ஐ ஐபேடுக்குக் கொடுத்தது. மெல்லோட்ரானின் டேப்களும் எண்மப் பதிவாக வந்துவிட்டன. மெமரிக்குப் பஞ்சமே இல்லாத இந்தப் பதிப்புகளில் பலவற்றில், கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தால், புல்லாங்குழல் எட்டாவது நொடியில் நின்றுவிடும். வாங்குகிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.