வரியோடிய சிவப்பு விளக்கு: பழைய மெர்சிடீஸின் பின்விளக்கும் அதன் பழுதுபார்ப்பும்

மோட்டார் வண்டியின் பின்புறத்தில் விளக்கு ஒன்று கட்டாயமானதற்குப் பின்னால் வருபவரை எச்சரிக்கும் தேவை மட்டும் காரணமன்று. வண்டியின் எண்பலகையை இரவிலும் படிக்கச் செய்ய வேண்டும் என்ற சட்டத்தின் தேவையும் அதற்கு ஈடான காரணமாக இருந்தது. பிரிட்டனில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் 1904 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்து ஒவ்வொரு வண்டிக்கும் பதிவெண்ணைக் கட்டாயமாக்கியபின், பின்பக்கத்தில் சிவப்புக் கண்ணாடியும், எண்பலகையை நோக்கிய பக்கத்தில் நிறமற்ற கண்ணாடியும் பதித்த எண்ணெய் விளக்கு வண்டிகளில் வழக்கமாயிற்று. அந்த விளக்கு கெட்டுப்போவதற்கான காரணங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. திரி கருகும், எண்ணெய் தீரும், கண்ணாடியில் கரி படியும். திரியைக் கத்தரித்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டால் பழுது நீங்கிவிடும்.

1912ஆம் ஆண்டு மாதிரியில் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் மின்சாரத் தொடக்கியையும் மின்விளக்குகளையும் ஒரே அமைப்பாக இணைத்து விற்கத் தொடங்கியபோது, உயர்விலைக் கார்களில் எண்ணெய் விளக்கின் காலம் முடியத் தொடங்கியது. அதனோடு பழுதின் இயல்பும் மாறியது. மின்விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் ஸ்விட்ச், ஃபியூஸ், வயர், பல்பு ஆகியவற்றைக் கடந்து மீண்டும் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். திரும்பும் பாதைக்குத் தனி வயர் இழுக்காமல் வண்டியின் இரும்பு உடலையே வழியாகக் கொள்வது மோட்டார் வண்டிகளில் நிலைத்த வழக்கம்; இந்தத் திரும்பும் இணைப்பையே மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கின்றனர். சங்கிலி எந்த இடத்தில் அறுந்தாலும் வெளியே தெரியும் விளைவு ஒன்றுதான், விளக்கு எரியாது. எரியாத விளக்கின் முன் நிற்பவருக்குக் குற்றம் பல்பின் மேல் இருப்பதாகவே தோன்றும். பின்விளக்குப் பழுதுபார்ப்பின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தத் தவறான ஊகத்தின் வரலாறே ஆகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் விளக்கின் மூடியாக இருந்த கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பரவலாக வந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோமின் நிறுவனம் 1933இல் ‘பிளெக்சிகிளாஸ்’ என்ற பெயரில் சந்தைப்படுத்திய பொருள் இதுவே. கண்ணாடியை விட எடை குறைந்ததும் விரும்பிய வடிவில் வார்க்கக்கூடியதுமான அக்ரிலிக், பின்விளக்கை வடிவமைப்பாளர்களின் கைக்குக் கொண்டுவந்தது. 1959ஆம் ஆண்டுக் காடிலாக்கின் உயர்ந்த வால்துடுப்புகளில் இரட்டைத் தோட்டாக்களைப் போல் நீட்டிக்கொண்டிருந்த சிவப்பு விளக்குகள் அந்தப் போக்கின் உச்சம் எனலாம். ஆனால் அந்த அழகு, விளக்கு அதன் வேலையைச் செய்வதற்கு எவ்வகையிலும் உதவவில்லை.

ஜெர்மனியில் மெர்சிடீஸ்-பென்ஸ் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. மழைக்காலச் சாலையில் சக்கரங்கள் வாரியிறைக்கும் சேறு பின்விளக்கின் மேல் படிந்து ஒளியை மறைத்துவிடுமானால், உள்ளே எத்தனை வலுவான பல்பு இருந்தும் பயனில்லை. 1971இல் வெளிவந்த 350 எஸ்எல் காரிலும், மறு ஆண்டு வந்த எஸ் வகுப்புக் கார்களிலும் இதற்கு விடையாக வரியோடிய விளக்கு மூடி அமைந்தது. மூடியின் மேற்பரப்பு கிடைமட்டமாக மேடும் பள்ளமுமாக வார்க்கப்பட்டிருந்தது. வண்டி ஓடும்போது சேறு பெரும்பாலும் மேடுகளில் படிய, காற்றின் சுழற்சியால் பள்ளங்கள் ஓரளவு தூய்மையாகவே இருந்தன. துடைக்காமலேயே ஒளி வெளிவரும் இந்த ஏற்பாடு புரூனோ சாக்கோவின் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1979 முதல் 1991 வரை உற்பத்தியான டபிள்யூ 126 வகை எஸ் வகுப்பிலும், 1984இல் வந்த டபிள்யூ 124 வகையிலும் தொடர்ந்து, அந்நிறுவனத்துக் கார்களைத் தொலைவிலிருந்தே இனங்காட்டும் அடையாளமாக நிலைபெற்றது. பயனிலிருந்து பிறந்த அழகு என்று சொல்வதற்கு மோட்டார் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

இந்த விளக்கு கெட்டால் அதைச் சரிசெய்ய வண்டியை வெளியிலிருந்து தொட வேண்டியதில்லை. டிக்கியைத் திறந்து உள்மூடியை விலக்கினால் பல்புகளைத் தாங்கும் பிளாஸ்டிக் தகடு தெரியும். அதைக் கையாலேயே கழற்றி எடுத்துவிடலாம். அதன் ஒரு பக்கத்தில் பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ், பார்க்கிங் முதலியவற்றுக்கான பல்புகள் வரிசையாக நிற்க, மறுபக்கத்தில் மெல்லிய உலோகப் பட்டைகள் வயர்களுக்குப் பதிலாக மின்னோட்டத்தைக் கடத்துகின்றன. எல்லாப் பல்புகளுக்கும் பொதுவான எர்த் பட்டை அவற்றுள் ஒன்று. பழுதின் உறைவிடம் பெரும்பாலும் அதுவே. மூடிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் உள்ள ரப்பர் விளிம்பு இருபது, முப்பது ஆண்டுகளில் இறுகிச் சுருங்கியபின் மழைநீர் உள்ளே கசிகிறது. ஈரம் பட்ட பட்டைகளின் மேல் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு ஏறுகிறது.

எர்த் தளர்ந்த விளக்கின் நடத்தை விசித்திரமாகத் தோன்றினாலும் அதற்குத் திட்டவட்டமான காரணம் உண்டு. இண்டிகேட்டரைப் போட்டால் அது மங்கலாக எரிய, அதனோடு சேர்ந்து பக்கத்தில் உள்ள பார்க்கிங் விளக்கும் கண் சிமிட்டும். திரும்பும் வழி அடைபட்ட மின்னோட்டம் அடுத்த பல்பின் இழையின் ஊடாகப் பின்னோக்கிப் பாய்ந்து, வேறொரு விளக்கின் எர்த் வழியே பேட்டரிக்குத் திரும்ப முயல்வதே இதன் காரணம். இதைக் கண்ட மாத்திரத்தில் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் பல்பைத் தொடமாட்டார். உப்புத்தாளால் பட்டையையும் ஹோல்டரின் தொடுமுனைகளையும் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே அடுத்த சோதனைக்குச் செல்வார்.

ஒரு பக்கத்து விளக்குகள் முழுவதும் அணைந்திருந்தால் பார்க்க வேண்டிய இடம் ஃபியூஸ் பெட்டி. இடப்பக்கப் பார்க்கிங் விளக்குகளுக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனி ஃபியூஸ் வைப்பது ஜெர்மானியக் கார்களின் வழக்கம். ஒன்று போனாலும் வண்டி முற்றிலும் இருளில் மூழ்காது என்பது அதன் நோக்கம். அக்காலத்து ஃபியூஸ் இருமுனையும் கூரான சிறு தண்டின் மேல் உலோகப் பட்டை ஓடும் வடிவமுடையது. பட்டை உருகாமல் இருந்தும் கூர்முனையில் களிம்பு ஏறியதால் விளக்கு அணைந்திருக்கும் நிகழ்வுகள் ஏராளம். அந்நிலையில் ஃபியூஸை இருந்த இடத்திலேயே விரலால் சில முறை சுழற்றினாலே விளக்கு எரிந்துவிடுவதுண்டு.

டபிள்யூ 126இன் காலத்தில் இன்னொரு நுட்பமும் சேர்ந்தது. பின்விளக்கு ஒன்று எரியாவிட்டால் ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் மஞ்சள் விளக்கு தோன்றும். இதற்கென அமைந்த ரிலே, அதாவது மின்காந்த விசையால் இயங்கும் ஸ்விட்ச், இடப்பக்கப் பல்பும் வலப்பக்கப் பல்பும் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தை ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்திராவிட்டால் எச்சரிக்கை எழுகிறது. ஆகவே ஒரு பக்கத்தில் மட்டும் வேறு நிறுவனத்துப் பல்பைப் பொருத்தினாலும், மிகக் குறைந்த மின்சாரத்தில் எரியும் எல்.இ.டி. பல்பைப் பொருத்தினாலும் அந்த ரிலே பழுது இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு பல்பு போனால் இணையான மற்றதையும் சேர்த்து மாற்றுவது என்ற பழக்கம் இங்கிருந்தே வலுப்பெற்றது.

பின்விளக்கின் அடுத்த பெரும் மாற்றம் எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழும் டையோடால் வந்தது. 2000ஆம் ஆண்டு மாதிரியான காடிலாக் டெவில் காரின் பின்விளக்குகள் இவ்வகையில் முன்னோடியாயின. இழை பல்பு சூடேறி முழு ஒளி பெறுவதற்கு ஏறத்தாழ 0.2 விநாடி தேவைப்பட, டையோடு மின்சாரம் பாய்ந்த அக்கணமே ஒளிர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடரும் வண்டிக்கு இந்த வேறுபாடு ஐந்து மீட்டருக்கும் அதிகமான தூரமாகும். உயிர் காக்கும் இந்த நன்மையை எவரும் மறுக்க முடியாது. ஆனால் டையோடுகளும் அவற்றை இயக்கும் மின்சுற்றும் மூடியும் ஒரே கூட்டினுள் ஒட்டி அடைக்கப்பட்டதால், உள்ளே சிறு இணைப்பு ஒன்று விட்டுப்போனாலும் முழு விளக்கையும் மாற்றும் நிலை பல கார்களில் ஏற்பட்டுவிட்டது. கைவினையாக இருந்த பழுதுபார்ப்பு அந்த இடத்தில் வெறும் பொருள்மாற்றாகச் சுருங்கியது.

இந்தியாவில் மெர்சிடீஸ்-பென்ஸ் 1994இல் நிறுவனமாகப் பதிவாகி, 1995இல் புனேயில் டபிள்யூ 124 வகைக் கார்களை உருவாக்கத் தொடங்கியதால், வரியோடிய விளக்கு இந்நாட்டுச் சாலைகளிலும் பழகிய காட்சியாயிற்று. அக்கார்களின் மூடி உடைந்துவிட்டால் சென்னை புதுப்பேட்டையைப் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடுவது உரிமையாளர்களின் வழக்கம். வெயிலில் நிறம் வெளுத்து நுண்விரிசல் ஓடிய மூடியையும் உடைந்த மூடியையும் மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு வேறு வழியில்லை. மூடி நலமாக இருந்து விளக்கு மட்டும் எரியாதபோது முழு விளக்கையும் கழற்றி எறிவது, ஒரு நல்ல பொருளைக் காரணமின்றி அழிப்பதாகும். அந்த விளக்குக்கு வேண்டிய 12 வோல்ட், 21 வாட் பல்பு இன்றும் சிற்றூரின் வாகன மின்பொருள் கடையிலேயே கிடைக்கிறது.