சரிவில் தேய்ந்த முழங்கால்கள்: தேகப்பயிற்சி வரலாறும் ஹல்துமுல்லையும்

ஹல்துமுல்லையில் சமதரை என்பது அரிதான பொருள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் ஏ4 நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்து பெரகலைக்கு ஏறுகிறது. வடக்கே ஹப்புத்தளை மலைத்தொடர் சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது. தெற்கே நிலம் சட்டெனச் சரிகிறது. தெளிந்த நாட்களில் தென்சமவெளி வெகுதூரம் வரை கண்ணுக்குத் தெரியும். கடைக்கானாலும் கோயிலுக்கானாலும் பாடசாலைக்கானாலும் ஒன்றில் ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். மேலே உள்ள தோட்டங்களில் லயத்து வாசலுக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் இடையிலேயே ஐம்பது படிகள் இருக்கக்கூடும்.

இவ்வூரைப் பற்றி எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. டொரொன்டோவிலும் இலண்டனிலும் வாழும், என் வயதை ஒத்த நண்பர்கள் சிலர் இப்போதெல்லாம் அரசியலை விட்டுவிட்டு முழங்கால்களைப் பற்றியே பேசுகிறார்கள். அவர்கள் புதுவகைப் பயிற்சிகளைச் செய்கிறார்களாம். பின்னோக்கி நடத்தல், சரிவில் பின்புறமாக ஏறுதல், முழங்கால் பாதவிரல்களைத் தாண்டி முன்செல்லும்படி ஆழமாகக் குந்துதல், கை ஊன்றாமல் தரையில் அமர்ந்து எழுதல் என்று பட்டியல் நீள்கிறது. அவர்களில் ஒருவர் கேட்டார்: "குந்துவதும் ஏறுவதும் இறங்குவதும் நம்முடைய தோட்டத்துச் சனங்கள் காலங்காலமாகச் செய்தவைதானே? அதனால்தானே அவர்களுக்கு முழங்கால் வலி என்பதே இல்லை?"

கேள்வியின் முற்பாதி பெருமளவு சரியானது. பிற்பாதி பிழையானது. அது ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்ள வரலாற்றுக்குள் சற்றுத் தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

நடை என்ற சொல்லை இங்கு அதன் நேர்ப்பொருளிலேயே கூறுகிறேன். மலையகத் தமிழரின் வரலாறு முழங்கால்களில்தான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்டபோது, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கரைவரை நடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். ஊவாவுக்கு வந்தவர்களுக்கு அதன் பின்னரும் மலைகள் எஞ்சியிருந்தன. புகையிரதம் ஹப்புத்தளையை எட்டியது 1893இல், பண்டாரவளையை 1894இல், பதுளையை 1924இல். தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டது 1914இல். அதற்கு முந்திய தலைமுறைகள் இந்த மலைகளுக்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்தன.

கோப்பியை இலைநோய் அழித்தது. அந்நோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டதும் ஊவாவின் மடுல்சீமையில்தான், 1869இல். பின்னர் தேயிலை வந்தது. தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைக்கருகே தம்பேதன்னைத் தோட்டத்தைப் பெற்று அங்கு தொழிற்சாலையையும் நிறுவினார். பயிர் மாறிற்று, சரிவு மாறவில்லை. காலைப் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கும் பெண், நாள் முழுவதும் சாய்ந்த நிலத்தில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழுமாக ஊன்றியே நிற்கிறார். கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான்வெட்டு ஆகிய வேலைகளில் ஆண்கள் குனிந்தும் குந்தியும் உழைக்கிறார்கள். மழைநாட்களில் நிறைந்த கூடையுடன் வழுக்கும் மண்ணில் நிறுவை மடுவத்துக்கு இறங்க வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் உடலைத் தாங்கிப்பிடிக்கிறது. உடல் எடையின் பல மடங்கு அழுத்தம் முழங்காற்சில்லின் மேல் விழுவது அப்போதுதான்.

உழைக்கும் உடல் எலும்பிலும் எழுதப்படுகிறது என்பதை உடற்கூற்றியலாளர் அக்காலத்திலேயே கண்டனர். 1889இல் ஆர்தர் தொம்சன், தொடர்ந்து குந்தியிருக்கும் வழக்கமுள்ள மக்களின் கணைக்கால் எலும்புகளில் தனித்த தேய்வுமுகங்கள் இருப்பதை விவரித்தார். 1893இல் லாகூரில் பணியாற்றிய ஹவ்லொக் சார்ள்ஸ், பஞ்சாப் மக்களின் கால் எலும்புகளை ஆராய்ந்து அதையே விரிவாக எழுதினார். நாற்காலியில் அமரும் மனிதனின் காலும் தரையில் அமரும் மனிதனின் காலும் ஒரே வடிவினதாய் இருப்பதில்லை என்பதே அவர்கள் கண்டதன் சாரம். நாம் எப்படி அமர்கிறோம் என்பது மரியாதை சார்ந்த விடயம் மட்டுமன்று. அது மூட்டின் அமைப்பையே மாற்றுகிறது.

அதே நூற்றாண்டில்தான் தேகப்பயிற்சி என்பது வேலையிலிருந்து பிரிந்து தனியொரு காரியமாயிற்று. 1813இல் ஸ்டொக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் நிறுவிய பயிற்சிக்கூடத்தின் முறை ஐரோப்பியப் பாடசாலைகளில் பரவி, "ட்ரில்" என்ற பெயரில் நமது பாடசாலைகளுக்கும் வந்தது. மறுபுறம், கர்லாக்கட்டை சுழற்றுவதை இந்தியாவில் கண்ட ஆங்கிலேய அதிகாரிகள் அதைத் தம் படையினருக்குக் கற்பித்தார்கள். மல்லர்களின் பஸ்கி, முழுதாகக் குந்தி எழும் பயிற்சி. 1910இல் இலண்டன் சென்று மேல்நாட்டு மல்லர்களை எதிர்கொண்ட காமா பயில்வான் அதை நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் செய்தவர் என்பர். 1920இல் சென்னையில் ஹரி பக் தொடங்கிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இத்துறைக்கு நம் பிராந்தியத்தில் ஒரு கல்வித் தகுதியைத் தந்தது.

பிள்ளையார் முன் நாம் போடும் தோப்புக்கரணத்தையும் இங்கு சேர்க்கலாம். கைகளால் காதைப் பிடித்தல் என்ற பொருள் தரும் வடமொழித் தொடரின் திரிபு அச்சொல். வழிபாடாயிருந்த அது வகுப்பறையில் தண்டனையாயிற்று. 2005இல் சோவா கொக் சுய் எழுதிய நூலின் வழியே "சுப்பர் பிரெயின் யோகா" ஆகி மேல்நாட்டில் உலாவந்தது. மூளை பற்றிய உரிமைகோரல்களை நான் ஒதுக்கிவைக்கிறேன். தொடைத் தசைக்கும் முழங்காலுக்கும் அது நல்ல பயிற்சி என்பதற்கு எந்தக் கோட்பாடும் தேவையில்லை.

இவ்வளவு பழக்கமான அசைவு எப்படிப் புதுமையாயிற்று? 1961இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன், ஆழமாகக் குந்தி எழுவது முழங்காலின் இணைப்பிழைகளைத் தளர்த்துகிறது என்று எழுதினார். பயிற்சியாளர் பலர் அதை ஏற்று, தொடை தரைக்கு நேராகும் அளவோடு நிறுத்தச் சொன்னார்கள். முழங்கால் விரல்நுனியைத் தாண்டலாகாது என்பதும் விதியாகப் பரவிற்று. பின்வந்த ஆய்வுகள் அந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. ஆரோக்கியமான மூட்டுக்கு, படிப்படியாகப் பழக்கப்பட்டால், ஆழக் குந்துதல் தீங்கன்று என்பதே இன்றைய பொதுக்கருத்து. மூட்டின் குருத்தெலும்பில் இரத்தக்குழாய்கள் இல்லை. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதே மூட்டுநீரிலிருந்து அது போசணை பெறுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது என்று சொல்லலாம்.

அப்படியானால் ஹல்துமுல்லையின் மேட்டுத் தோட்டங்களில் உலகின் மிகச் சிறந்த முழங்கால்கள் இருக்க வேண்டுமல்லவா?

செய்தியாளனாக நான் அப்பகுதிக்குப் போன காலங்களில் சந்தித்த, ஓய்வுபெற்ற தொழிலாளப் பெண்கள் அப்படி இல்லை. இஸ்தோப்பில் காலை நீட்டி அமர்ந்திருப்பவரை எழச் சொல்லும்போது, முதலில் சுவரைப் பிடிப்பார். பிறகு மகளைப் பிடிப்பார். அறுபது வயதில் மலையேற முடியாத மலைநாட்டுப் பெண்கள் அங்கு ஒருவர் இருவர் அல்லர். "மலையிலேயே தேஞ்சு போச்சுங்க ஐயா" என்று ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னதற்கு மேல் வைத்திய விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த முரண்பாட்டை உலகம் இரண்டு கட்டங்களில் அறிந்துகொண்டது. 1953இல் இலண்டனில் ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவர், இரட்டைத்தட்டு பஸ்களின் சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. உடலசைவு உயிர் காக்கும் என்ற நவீன நம்பிக்கைக்கு அடிக்கல் அது. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2018இல், டென்மார்க்கின் அன்ட்ரியாஸ் ஹொல்டர்மனும் சகாக்களும் அதன் மறுபக்கத்தை எடுத்துக்காட்டினர். ஓய்வுநேரத்தில் செய்யும் உடலசைவு நன்மை தருகிறது. கடும் தொழிலில் செய்யப்படும் உடலசைவோ பலருக்குத் தீங்காகிறது என்றனர். இளைப்பாற நேரமின்மை, மணிக்கணக்கில் ஒரே நிலை, பாரம், வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை தொழிலாளியிடம் இல்லாமை ஆகியவை அவர்கள் கூறிய காரணங்களுள் அடங்கும். முழங்காலைப் பற்றியும் தனிச் சான்று உண்டு. 2004இல் வெளியான பெய்ஜிங் ஆய்வில், இளவயதில் நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் குந்தியிருந்தவர்களிடம் முதுமையில் முழங்கால் மூட்டுத் தேய்வு அதிகமாகக் காணப்பட்டது.

இங்குதான் என் நண்பரின் கேள்விக்கு விடை இருக்கிறது. டொரொன்டோவில் குந்தி எழுபவர் இருபது தடவையில் நிறுத்திவிடலாம். வலித்தால் நாளை விட்டுவிடலாம். பயிற்சி முடிந்ததும் முட்டையோ பருப்போ உண்டு உறங்கலாம். தோட்டத்தில் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தராசு. முழுப்பேர் விழ, பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்தும் சிலவற்றில் அதற்கு மேலும் வேண்டும், குறைந்தால் அரைப்பேர். வலிக்கிறது என்பதற்காக அரைப்பேரை ஏற்கக்கூடிய குடும்பங்கள் எத்தனை? மாலையில் மலையிலிருந்து இறங்கியதும் விறகும் தண்ணீரும் சமையலும் காத்திருக்கின்றன. அசைவு ஒன்றுதான். அளவும் ஓய்வும் உணவும் விருப்பமும் வேறு.

தோட்டத்து மக்கள் தமக்காகவே தம் உடலை அசைத்த இரவுகளும் உண்டு. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, தப்பு முழங்க, ரதியும் மதனும் லயம் லயமாக ஆடிவரும் காமன் கூத்து அத்தகையது. சுழற்சியும் தாழ்ந்தெழுதலும் துள்ளலும் நிறைந்த அந்த ஆட்டத்தைவிடச் சிறந்த முழங்கால் பயிற்சியை எந்த உடற்பயிற்சிக்கூடமும் வகுத்துவிட முடியாது. ஆனால் மரபாக ரதி வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்ணுக்கு ஆட்டத்தைப் பார்க்கும் இடமே கிடைத்தது. மலைநாட்டு உடல்களின் வரலாற்றில் இந்த வேறுபாட்டைத் தவிர்த்துவிட்டுப் பேசக்கூடாது.

இனி, அமர்ந்தே உழைக்கும் என் போன்றோருக்கும் வாசகர்களுக்கும் இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடத்தைச் சொல்கிறேன். சமதரையில், தடையற்ற இடத்தில், 5 நிமிடம் பின்னோக்கி நடந்து தொடங்கலாம். முழங்கால் தேய்வுள்ளவர்களிடம் செய்யப்பட்ட சிறிய ஆய்வுகள் சில இதனால் வலி குறைந்து தொடைத் தசை வலுப்பெறுவதைக் காட்டியுள்ளன. கதிரையின் உயரத்திலிருந்து குந்தி எழப் பழகி, வாரக்கணக்கில் ஆழத்தைக் கூட்டலாம். படியிறங்கும்போது அவசரப்படாமல் ஒவ்வொரு காலையும் மெதுவாக வைக்கலாம். நாளில் ஒரு வேளை உணவையாவது தரையில் சம்மணமிட்டு உண்ணலாம். 2012இல் பிரேசிலின் கிளோடியோ அராவுஜோ குழுவினர் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரை ஆராய்ந்து, கை ஊன்றாமல் தரையில் அமர்ந்து எழக்கூடியவர்களிடையே இறப்பு வீதம் குறைவாயிருந்ததைக் கண்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் மூட்டுக்கு ஓய்வு கிடைக்கும். வீக்கம், முழங்கால் பூட்டிக்கொள்ளுதல், திடீரெனத் தளர்ந்து மடங்குதல் ஆகியன இருந்தால் பயிற்சியை விட்டு முதலில் வைத்தியரிடம் போக வேண்டும்.

தோட்டத்துக்கு வேண்டியவை வேறு. நிறுவை மடுவம் மலைக்கு அருகே வர வேண்டும். இறங்கும் பாரம் குறைய வேண்டும். பாதைகளுக்குப் படியும் கைப்பிடியும் வேண்டும். நாற்பது வயதைக் கடந்த பெண்ணின் முழங்காலைத் தோட்டத்து வைத்திய நிலையம் ஆண்டுக்கொருமுறையேனும் பார்க்க வேண்டும். 2023இல் திறக்கப்பட்ட பீக்கோ நடைபாதை, 300 கிலோமீற்றருக்கு மேல் 22 கட்டங்களாக இம்மலைகளூடே செல்கிறது. ஹப்புத்தளைப் பக்கம் உல்லாசப் பயணிகள் கைத்தடியும் தடித்த சப்பாத்தும் அணிந்து, உடல்நலம் தேடி நடக்கும் வழிகள் தோட்டத் தொழிலாளரின் கால்கள் தடம் பதித்தவை. அந்த நடையின் பயனில் ஒரு பங்கு அவ்வழிகளை உண்டாக்கியவர்களின் முழங்கால்களுக்கும் சேர வேண்டும் என்று கேட்பது அதிகமன்று.

தோட்டத்துச் செக்ரோலில் பேரும் கிலோவும் நாள் தவறாமல் பதிவாயின, முழங்கால் பதிவாகவில்லை. ஊவாவில் வேர்கொண்ட வாசகர்கள், எந்த நாட்டில் இருந்தாலும், தம் தாயாரிடமோ பாட்டியாரிடமோ ஒன்று கேட்க வேண்டும்: எத்தனையாவது வயதில் முதன்முதலாக முழங்கால் வலித்தது, மறுநாள் வேலைக்குப் போனீர்களா? அவர் சொல்வதைத் திகதியுடன் எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.