கேலிச் சித்திரமும் எங்கள் ஊர் மலையும்

மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் கேட்டபோது, "நான் சிவில் இன்ஜினியர், எனக்குத் தெரிந்தது சிமென்டும் கம்பியும்தான்" என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. ஆகவே எங்கள் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் சொந்த ஊர் தியாகதுருகம். மலைமேல் இடிந்த கோட்டை. சின்ன வயசில் அதில் ஏறாத லீவு நாளே கிடையாது. 1790-ன் கடைசியில் திப்பு சுல்தான் படையோடு வந்தது இங்கேதான். உள்ளே இருந்தவர் கேப்டன் பிளின்ட். முன்பு ஹைதர் அலியிடமிருந்து வந்தவாசிக் கோட்டையைக் காத்தவர். பேட்டையைப் பிடிக்க முடியாமல் திப்பு திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் முறை. 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார். சண்டையில் ஜெயித்தும் பயனில்லை. மழை பிடித்துக்கொண்டது, தானியம் இல்லை, இழுவை மாடுகள் செத்து விழுந்தன. பெரிய பீரங்கிகளைத் தானே நாசமாக்கிவிட்டுத் திரும்பினார்.

சேதி லண்டன் போனதும் ஜேம்ஸ் கில்ரே என்ற ஓவியர் டிசம்பரில் ஒரு படம் போட்டார். கோட்டை மதில்மேல் நின்று திப்பு சிறுநீர் கழிக்கிறார். கீழே கார்ன்வாலிஸ் தலைதெறிக்க ஓடுகிறார். அதுதான் அவர்களுடைய 'பருவமழை'! சொந்த நாட்டுத் தளபதியையே இப்படி!

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க விடுவார்கள். தகட்டில் இடமாக வரைந்தது தாளில் வலமாக விழும். பிறகு கையால் வண்ணம். ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணியின் கடை ஜன்னலில் மாட்டினால் தெருவே கூடும். 1792-ல் கார்ன்வாலிஸ் மீண்டும் போய் வென்று, திப்புவின் பாதி நாட்டையும் இரண்டு மகன்களைப் பிணையாகவும் வாங்கினார். ஆனாலும் அந்தப் படம் அழியவில்லை.

என்னை உறுத்துவது வேறு. 1735-ல் வந்த சட்டப்படி, உரிமை கோரும் படத்தின் அடியில் உரிமையாளர் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். ஹம்ப்ரி அம்மாள் தன் பெயரைத் துணிந்து போட்டாள். நான்? ஹாஸ்டல் சுவரில் வார்டனைக் கேலிப்படமாக வரைந்து பெயரில்லாமல் ஒட்டினேன். மாட்டியது என் அறைத்தோழன். ஒரு மாதம் மெஸ்ஸுக்கு வெளியே சாப்பிட்டான். நான் வாயே திறக்கவில்லை.

நண்பா, அந்தப் படம் நான் போட்டது. பதினைந்து வருஷம் கழித்து இதோ அடியில் என் பெயர். சந்திப்புக்குக் கட்டாயம் வா. சாப்பாடு என் செலவு.