ட்ரைப் வரைந்த மேகங்கள்



1858-இல் கம்பெனிப் படை அதிகாரி லின்னேயஸ் ட்ரைப் நம் புதுக்கோட்டையைப் படம் எடுத்தார். அன்றைய காகித நெகட்டிவில் கட்டடம் தெளிவாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் தம் நெகட்டிவ்கள் பலவற்றில் சாயம் பூசி மேகங்களைக் கையால் வரைந்தார். அதே காலத்தில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களைச் சேர்த்தார்.

இன்றைய கேமராவின் பிராக்கெட்டிங் லெ கிரே காட்டிய வழிதான். ட்ரைபாடில் நிறுத்தி, அப்பர்ச்சரை மாற்றாமல், ஷட்டரை மட்டும் 1/30, 1/125, 1/500 நொடி என மாற்றி மூன்று படம் எடுங்கள். மூன்றையும் இணைத்தால் குடுமியான்மலை மண்டபத்து இருட்டும் வெளி வெயிலும் ஒரே படத்தில் தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். இணைத்த பின்பும் மூலப் படங்களை அழிக்காதீர்கள். ட்ரைப்பின் மேகத்தை வைத்து அன்றைய வானத்தை அறிய முடியாது. நீங்கள் எடுப்பதும் நாளைக்கு வரலாற்றுச் சான்று.