ஒன்று என்கிற எண்ணுக்கு ஒன்பது வருடம்

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? டியூபை உரசி, சொல்யூஷனைத் தடவி, கொஞ்சம் காயவிட்டு, பிறகுதான் ஒட்டுவார். அந்தக் காயவிடுகிற நேரத்தில் என்ன நடக்கிறது? ரப்பரைக் கரைத்து வைத்திருந்த திரவம் ஆவியாகிவிடுகிறது. ரப்பர் மட்டும் தங்கிவிடுகிறது. சரி, அந்த ஆவி எங்கே போச்சு? காற்றில்தான். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால், அவர் மூக்கில்!

1897. ஸ்வீடனில் ஒரு சைக்கிள் டயர் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்த இளம்பெண்கள் சிலருக்கு அடுத்தடுத்து ரத்தம் சுண்டிப்போனது. நான்கு பேர் இறந்தே போனார்கள். சான்டெஸ்ஸன் என்ற மருத்துவ விஞ்ஞானி துருவிப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்தார். ரப்பரைக் கரைக்க அங்கே பயன்படுத்திய பென்சீன்!

1825-ல் மைக்கேல் ஃபாரடே முதன்முதலாகப் பிரித்தெடுத்த திரவம் அது. லேசாக இனிப்பு வாசனை அடிக்கும். ரப்பர், கொழுப்பு, பெயின்ட் என்று சகலத்தையும் கரைக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபிக் கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரிக்கவே ஜெர்மனியில் இதைத்தான் பயன்படுத்தினார்கள் என்றால் பாருங்கள்! ஆனால் உடம்புக்குள் போனால் நேராகக் கை வைப்பது எலும்பு மஜ்ஜையில். அதாவது, ரத்தம் தயாராகிற பட்டறையில். முதலில் ரத்த அணுக்கள் குறையும். சிலருக்குப் பல வருடங்கள் கழித்து ரத்தப் புற்றுநோயாக வந்து நிற்கும்.

அப்படியென்றால் எவ்வளவு வரை சுவாசிக்கலாம்? இந்தக் கணக்கை பி.பி.எம். என்று சொல்வார்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு பென்சீன் ஆவி இருந்தால், ஒரு பி.பி.எம். 1946-ல் அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்களின் அமைப்பு ஒன்று, 100 பி.பி.எம். வரை பரவாயில்லை என்றது.

இரண்டே வருடத்தில் ஒரு வேடிக்கை. 1948-ல் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், அதாவது எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கம், ஓர் அறிக்கை வெளியிட்டது. பென்சீனில் முழுக்கப் பாதுகாப்பான அளவு என்றால் அது பூஜ்யம்தான் என்று பொதுவாகக் கருதப்படுவதாக அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. இந்தச் சங்கத்தின் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எண் மெல்ல மெல்ல இறங்கியது. 1971-ல் அமெரிக்க அரசு, எட்டு மணி நேர சராசரியாக 10 பி.பி.எம். என்று சட்டமாக்கியது. 1974-ல் இஸ்தான்புல்லிலிருந்து ஒரு செய்தி. பென்சீன் கலந்த பசையோடு புழங்கிய செருப்புத் தொழிலாளிகள் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோய் அல்லது அதற்கு முந்தைய நிலை என்று டாக்டர் முசாஃபர் அக்சோய் குழுவினர் எழுதினார்கள். 1977-ல் ஒஹையோ மாநிலத்திலிருந்து இன்னொரு செய்தி. ரப்பரிலிருந்து பேக்கிங் ஷீட் தயாரித்த தொழிலாளர்களில், ரத்தப் புற்றுநோய்ச் சாவு எதிர்பார்த்ததைப் போல ஐந்து மடங்கு!

அரசு விழித்துக்கொண்டது. 1978-ல் புதிய உத்தரவு: இனிமேல் 1 பி.பி.எம்.தான்.

உடனே கேஸ். போட்டவர்கள் யார் தெரியுமா? பூஜ்யம் பற்றி எழுதிய அதே பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டும் சில தொழில் அமைப்புகளும்! உத்தரவைக் கீழ்க்கோர்ட் தள்ளுபடி செய்தது. 1980 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அதையே சொன்னது. 10 பி.பி.எம்.மில் கணிசமான ஆபத்து இருக்கிறது என்று அரசு முதலில் காட்ட வேண்டுமாம். நீதிபதி மார்ஷல் எதிர்த்து எழுதினார். மருத்துவத்துக்கே நிச்சயமாகத் தெரியாத விஷயத்தின் சுமையைத் தூக்கித் தொழிலாளியின் தோளில் வைக்கிறீர்களே என்பது அவர் ஆதங்கம்.

கோர்ட் கேட்டதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆதாரமில்லாமல் அரசாங்கம் இஷ்டத்துக்கு எண் போடக் கூடாதுதான். ஆனால் ஆதாரம் சேரும்வரை தொழிலாளி மூச்சை அடக்கிக்கொண்டா நிற்க முடியும்?

அதிகாரிகள் மறுபடி கணக்குப் போட்டு, விசாரணை நடத்தி, 1987-ல் உத்தரவு போட்டார்கள். எண் என்ன? அதே 1 பி.பி.எம்.! இடையில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அந்தத் தாமதத்தின் விலையை நிக்கல்சன், லாண்ட்ரிகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989-ல் கணக்கிட்டார்கள். கூடுதல் ரத்தப் புற்றுநோய்ச் சாவுகள், குறைந்தது 30. அதிகபட்சம் 490.

ஐரோப்பிய யூனியன் 2022-ல் போட்ட உத்தரவு, 2026 ஏப்ரல் முதல் எல்லையை 0.2 என்று வைத்தது. 1946-ல் நிபுணர்கள் பரவாயில்லை என்று சொன்ன அளவில் இது ஐந்நூறில் ஒரு பங்கு.

அந்த நாளில் 100 பி.பி.எம். காற்றில் நின்று வேலை பார்த்தவர் எந்த விதியையும் மீறவில்லை. சொன்ன எல்லைக்குள்தான் நின்றார்.